நீலக் குழாய்த் தண்ணீரில் இஞ்சிப் பியர்

ஒரு போத்தலுக்குள் எவ்வளவு வாயு இருக்க வேண்டும் என்ற கவலை எனக்கு அறுபது தாண்டித்தான் வந்தது. அதற்கு முன் முப்பது வருடங்களுக்கு மேலாக நான் கட்டடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வரைபடத்தைப் பார்த்து, கொன்கிறீட் எத்தனை கன மீற்றர், கம்பி எத்தனை தொன், கதவுப் பிடி எத்தனை என்று கணக்கிட்டுச் சொல்வது என் தொழில். பிறகு ஓய்வு கொடுத்து, ஒரு கேக்கும் வெட்டினார்கள். கேக்கை இருபத்தெட்டுத் துண்டாக வெட்டினார்கள். வந்திருந்தவர்கள் முப்பத்தொரு பேர். இதைச் சொன்னால் என் குணம் விளங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

வேலையோடு விசாவும் போய்விட்டது. மனைவி ஆசிரியை என்பதால் அவளுடைய விசாவில் என்னைச் சேர்த்துக்கொண்டாள். இங்கே வளைகுடாவில் நம்மைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரைக் கஃபீல் என்பார்கள். இத்தனை வருடமும் கம்பனிகள் எனக்குக் கஃபீலாக இருந்தன. இப்போது என் கஃபீல் சத்வா என்ற பகுதியில் ஒரு தையற்கடைக்கு மேலே உள்ள வீட்டில் என்னுடனேயே இருக்கிறாள். காலையில் பள்ளி பஸ் ஏறப் போகும்போது, "அடுப்பை நிப்பாட்டின நானோ எண்டு ஒருக்கால் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். நான் நான்கு தரம் பார்க்கிறேன். அதன் பிறகு பிற்பகல் மூன்று மணி வரை பார்க்க எதுவும் இல்லை. என்னோடு வேலை செய்தவர்கள் ஊருக்கோ கனடாவுக்கோ போய்விட்டார்கள். கீழே தையற்காரர் ஊசியில் நூல் கோர்ப்பதை எத்தனை நாளைக்குத்தான் பார்த்துக்கொண்டு நிற்பது?

அந்த வெறும் மணித்தியாலங்களுக்குள்தான் இஞ்சிப் பியர் வந்தது.

உண்மையான பியர் காய்ச்சும் துணிவு எனக்கு இல்லை. இந்த நாட்டுச் சட்டம் அதை விடாது. விட்டாலும் நான் செய்திருக்க மாட்டேன். மஞ்சள் விளக்கு எரிந்தாலே காரை நிறுத்தி, பின்னால் வருபவர்களிடம் திட்டு வாங்குகிற ஆள் நான். இஞ்சிப் பியரில் இஞ்சி, தேசிக்காய், சீனி, ஒரு சிட்டிகை ஈஸ்ட், இவ்வளவுதான். ஆனாலும் ஈஸ்ட் சீனியைத் தின்னும்போது வாயுவோடு சேர்த்துத் துளி போதையும் உண்டாக்கும் என்று எங்கோ வாசித்துவிட்டேன். "வாயுவை மட்டும் தா, மற்றதை நீயே வைத்துக்கொள்" என்று ஈஸ்ட்டிடம் சொல்ல முடியாது. புளித்த மோரில் உள்ளதைவிடக் கூடாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி, அதற்கேற்பப் புளிக்க விடும் நாட்களைக் குறைத்து வைத்துக்கொண்டேன். அப்படியும் காவல்துறை வாகனம் தெருவில் போனால் குசினி யன்னலைச் சாத்துவேன். வெளியே போகக்கூடியது இஞ்சி வாசம் மட்டும்தான். அதை யன்னல் தடுத்துவிடும் என்று நம்பினேன்.

செய்முறை எளிது. வாளியில் புளிக்க வைத்து, ஈஸ்ட் பெரும்பாலான சீனியைத் தின்று முடித்ததும் வடித்துப் போத்தலில் ஊற்ற வேண்டும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு போத்தலிலும் கொஞ்சம் சீனி போட வேண்டும். மூடிய போத்தலுக்குள் ஈஸ்ட் அந்தக் கடைசிச் சீனியைத் தின்று வெளிவிடும் வாயு வெளியேற வழியில்லாமல் பானத்துக்குள் கரையும். சீனி குறைந்தால் சப்பென்று இருக்கும். கூடினால் வெடிகுண்டு. அறை வெப்பம் கூடினால் ஈஸ்ட் வேகமாகத் தின்னும், அழுத்தமும் ஏறும். போதுமென்றதும் குளிரில் வைத்தால் ஈஸ்ட் உறங்கிவிடும். கணக்குத் தெரிந்தவனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது என்று நினைத்தேன்.

முதல் தடவை செய்தவற்றில் ஒரு போத்தல் குசினி அலுமாரிக்குள் வெடித்தது. மனைவி முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஓடிவந்து அலுமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். போத்தலுக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய தங்கை வறுத்துத் திரித்து அனுப்பிய கறித்தூள் டின் இருந்தது. இருந்த தூள் முழுவதும் இஞ்சிப் பியரில் குழைந்து, கண்ணாடித் துண்டுகளோடு தட்டிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

"உமக்குக் காயம் ஒண்டும் இல்லையே?" என்று கேட்டேன்.

"காயம் பட்டிருந்தாலும் பறவாயில்லை. அது ஆறும். தூளுக்கு நான் இனி எங்கை போவன்?"

"கடையிலை வாங்கலாம்தானே."

முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்தது அந்த ஒரு முறைதான். அவள் ஊர்க்காரர்களுக்குக் கடைத்தூள் என்பது தூள் அல்ல. நானும் அதே ஊர்தான், பதற்றத்தில் மறந்துவிட்டேன்.

கண்ணாடியைப் பொறுக்கி முடித்த பிறகு அவள் தீர்ப்பைச் சொன்னாள்: "இனி ஒருக்கால் இந்த வீட்டிலை ஒரு போத்தல் வெடிச்சுதெண்டால், ஈஸ்ட் பக்கெற்றும் வாளியும் குப்பைக்குள்ளை. பேந்து நீங்கள் வேறை ஏதாவது எண்ணுங்கோ."

ஒரு போத்தல். எனக்கும் வெறும் சுவருக்கும் இடையில் அவ்வளவுதான் இருந்தது.

செப்டெம்பரில் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு கிழமையில், தன்னோடு படிப்பிக்கும் எட்டுப் பேரைச் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருப்பதாக மனைவி சொன்னாள். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றையும் சொன்னாள்.

"சோடா வாங்க வேண்டாம். உங்கடை ஜிஞ்சர் பியரையே வைப்பம்."

"உண்மையாவோ?"

"ஓம். ஆனால் நான் முந்திச் சொன்னது சொன்னதுதான்."

விசா கிடைத்த நாளில்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை. இருபத்துநான்கு போத்தல் செய்யத் திட்டமிட்டேன். இந்த முறை கம்பிக் கொளுவி போட்ட மூடியுள்ள தடித்த போத்தல்கள். அவற்றோடு ஒரு சிறிய பிளாஸ்ரிக் போத்தலிலும் அதே பானத்தை நிரப்பினேன். கண்ணாடிக்குள் அழுத்தம் எவ்வளவு என்று வெளியிலிருந்து தெரியாது; பிளாஸ்ரிக் போத்தலை அழுத்திப் பார்த்தால் தெரியும். மெத்தென்று இருந்தால் இன்னும் பொறுக்கலாம், விறைத்துவிட்டால் எல்லாவற்றையும் குளிரில் வைக்க வேண்டும். அதற்குச் சாட்சி என்று பெயர் வைத்தேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சாட்சியை விசாரித்தேன்.

சீனியில்தான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. போத்தலுக்கு மூன்று கிராம் போதும் என்று கணக்கு வந்தது. ஆனால் கட்டடத்துக்குப் பொருள் எண்ணுகிறவன் எண்ணியதோடு நிறுத்துவதில்லை. வீண் போவதற்கென்று ஐந்து வீதம் சேர்ப்போம். உடைவதற்கு இன்னொரு ஐந்து. எதிர்பாராததற்குப் பத்து. கை தானாகவே அந்த வழிக்குப் போயிற்று. சீனி கரண்டியில் ஒட்டும் என்று ஐந்து, ஈஸ்ட் சோம்பலாக இருக்கலாம் என்று ஐந்து, மூடும்போது வாயு தப்பலாம் என்று பத்து. வந்த கூட்டுத்தொகையை ஒன்றரைக் கிராம் பிடிக்கும் கரண்டிக்கு வசதியாக மேல்நோக்கி முழுமையாக்கினேன். கடைசியில் ஒவ்வொரு போத்தலிலும் நாலரைக் கிராம் விழுந்தது. சீனி கொன்கிறீட் இல்லை, மிஞ்சியதை லொறியில் திருப்பி அனுப்ப முடியாது என்று அப்போது தோன்றவில்லை.

போத்தல்களைப் படுக்கையறை மூலையில் அடுக்கினேன், கறித்தூளிலிருந்து ஆகத் தூரமான இடம் என்பதால். ஏசியை இருபத்திரண்டில் வைத்தேன். மனைவிக்கு முழங்கால் வலி. அவள் இருபத்தாறுக்கு ஏற்றினாள். அவள் திரும்பிப் படுத்ததும் நான் இறக்கினேன்.

"என்னப்பா, பிரேதத்தைக் காக்கிற அறை மாதிரிக் குளிருது!"

"வெளியிலை வெக்கை கூட. அதுதான்."

"வெளியிலை ஆர் படுத்திருக்கினம்?"

அவள் ரிமோட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு உறங்கினாள். போத்தல்களுக்கு இருபத்தாறு பாகை கிடைத்தது. அதுவும் தாங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் கட்டடம் முழுவதற்கும் ஏசி நின்றது. படியிறங்கி ஓடி, கட்டடக் காவல்காரரான நாத்தூரைப் பிடித்தேன். அவர் தொழுகைக்குப் போக வெள்ளை உடுப்போடு நின்றார்.

"ஏசி கலாஸ், பாய்," என்றார். கலாஸ் என்றால் முடிந்தது என்று அர்த்தம்.

"டெக்னீஷியன் கப் ஆயேகா?" திருத்துகிறவர் எப்போது வருவார் என்று கேட்டேன்.

"ஆஜ் ஜும்மா ஹை, பாய். நமாஸ் கே பாத்."

இன்று வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த பிறகு. பிறகு என்றால் எவ்வளவு பிறகு என்று இந்த நாட்டில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. நான் கேட்டேன். அவர் வானத்தைக் காட்டினார்.

மேலே வந்து சாட்சியை அழுத்தினேன். விரல்தான் நொந்தது. பிளாஸ்ரிக் கல்லாகியிருந்தது, அடிப்பாகம் வெளியே புடைத்து, நிமிர்த்தி வைத்தால் நிற்க முடியாமல் ஆடியது. அறையின் வெப்பம் ஏறிக்கொண்டிருந்தது. பிரிஜ்ஜைத் திறந்தேன். நாளைய விருந்துக்கு ஊறப்போட்ட ஆட்டிறைச்சி, நண்டு, கத்தரிக்காய், இரண்டு சட்டி தயிர். சாட்சி நுழையக்கூட இடமில்லை. மனைவியின் சட்டிகளை வெளியே எடுத்து வைப்பது இன்னொரு மரணம்.

மிஞ்சியது குளியல் தொட்டி. இரண்டிரண்டாக, குழந்தைப் பிள்ளைகளைத் தூக்குவது போல் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோய் இருபத்துநான்கு போத்தலையும் தொட்டியில் கிடத்தினேன். அடைப்பை மூடினேன். நீலப் புள்ளி போட்ட குழாயை முழுவதும் திறந்துவிட்டு, வெளியே பாய்ந்து கதவைச் சாத்தினேன். உள்ளே நிற்க எனக்குத் துணிவு இல்லை. குளிர்ந்த நீர் மெல்ல ஏறி ஈஸ்ட்டை உறங்க வைப்பதைக் கதவுக்கு இப்பால் நின்று மனதால் மேற்பார்வை செய்தேன். தொட்டி நிறைந்திருக்கும் என்று கணக்கிட்ட நேரத்தில் ஒரு கையை மட்டும் உள்ளே விட்டு, குழாயை மூடிவிட்டு, மீண்டும் கதவைச் சாத்தினேன். என் சமயோசிதத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி அரைநாள்தான். மனைவி வந்தபோது நான் வியர்த்து வடிந்தபடி குளியலறை வாசலில் நின்றேன். தலையில் என் பழைய வெள்ளை சைற் ஹெல்மெற்.

"உள்ளுக்கு ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. போத்தல்."

"போத்தலுக்குக் காவலே நிக்கிறியள்? தலையிலை என்ன, இடி விழுமெண்டோ?"

நிலைமையைச் சொன்னேன். ஏசி, சாட்சி, பிரிஜ், தொட்டி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் கைப்பையை இறக்காமலே கேட்டாள்.

"எந்தக் குழாயைத் திறந்தனீங்கள்?"

"நீலம். பச்சைத் தண்ணி."

அவள் கதவைத் தள்ளி உள்ளே போய், விரல் நுனியைத் தண்ணீரில் வைத்து, வெடுக்கென்று எடுத்தாள்.

"அட கடவுளே! இதுக்குள்ளை முட்டை அவிக்கலாம்!"

வளைகுடாவில் ஒரு கோடையைக் கழித்த எவருக்கும் இது தெரியும். மொட்டைமாடித் தாங்கி வெயிலில் கிடப்பதால் குளிர்நீர்க் குழாயில் கொதிநீர் வரும். அதனால் மே மாதத்தில் ஹீற்றரை நிறுத்திவிடுவோம். வீட்டுக்குள் நிழலில் இருக்கும் ஹீற்றருக்குள் தேங்கிய தண்ணீர்தான் குளிர்ந்தது. கோடை முழுக்க, சிவப்புக் குழாயில்தான் குளிப்போம். எங்கள் வீட்டு ஹீற்றரை மே முதலாம் திகதி நிறுத்தியது நான்தான்.

"போன கிழமை புது ரீச்சருக்கு ரெலிபோனிலை பத்து நிமிசம் பாடம் எடுத்தனீங்கள், 'சிவப்புத்தான் குளிர், பிள்ளை, நீலத்தைத் தொடாதையும்' எண்டு. அவள் பாவம், எழுதிக்கூட வைச்சிருப்பாள்."

"பதட்டத்திலை..."

"உங்களுக்கு எப்பதான் பதட்டம் இல்லை?"

தொட்டிக்குள் ஒரு போத்தலின் மூடியிலிருந்து மெல்லிய சீறல் வந்தது. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு ஓடுவேன் என்று நினைத்தேன். அவள் நிற்பதைப் பார்த்து வெட்கத்தில் நானும் நின்றேன். என் மனதில் ஓடியது கண்ணாடித் துண்டு அல்ல. ஒன்று வெடித்தால் நாளையிலிருந்து காலை முதல் பிற்பகல் வரை நான் என்ன செய்வேன் என்பதுதான்.

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினாள். ஊருக்குப் போகும்போது கொண்டுபோகவென்று வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த, புலிப் படம் போட்ட தடித்த கம்பளியை இழுத்து வந்து தொட்டியின் மேல் மூடினாள்.

"கையை விட்டு அடைப்பை இழுங்கோ."

"நானோ?"

"ஹெல்மெற் போட்டிருக்கிறது நீங்கள்தானே."

புலியின் வயிற்றுக்குக் கீழே கையை விட்டு அடைப்பை இழுத்தேன். சுடுநீர் வடிந்தது. சிவப்புக் குழாயைத் திறந்தோம். ஹீற்றரில் இருந்த நீர் பாதித் தொட்டிக்குக்கூடக் காணாது. ஆகவே வாயுவை வெளியேற்றியே ஆக வேண்டும். ஒவ்வொரு போத்தலாகக் கம்பளிக்குக் கீழிருந்து எடுப்பேன். அவள் ஈரத் துவாயால் மூடியைச் சுற்றிப் பிடிப்பாள். நான் கொளுவியைத் தளர்த்துவேன். சீறும், நுரை பொங்கி அவள் முழங்கை வரை வழியும், அடங்கியதும் மீண்டும் மூடுவேன். ஐந்தாவது போத்தலின்போது நுரை என் மூக்குக்கண்ணாடியில் அடித்தது.

"ஏழு," என்றேன்.

"எட்டு. இப்ப மூடினது எட்டு."

"இல்லை, ஏழுதான். முதலாவதை நீர் ரெண்டு தரம் எண்ணிப்போட்டீர்."

"நானே எண்ணினனான்? எண்ணுறது உங்கடை வேலை."

எனக்குக் கணக்குத் தப்பிவிட்டது. கோபுரங்களின் கதவுப் பிடிகளை ஒன்று விடாமல் எண்ணியவனுக்கு, தன் குளியல் தொட்டியில் கிடந்த போத்தல்களில் எது திறந்தது, எது திறக்காதது என்று தெரியவில்லை. எல்லாம் நனைந்து ஒரே மாதிரிக் கிடந்தன. திறக்காத ஒன்று தப்பி இருந்தால்? பயத்தில் முதலிலிருந்து தொடங்கினேன். முடிந்ததும் மீண்டும் சந்தேகம் வந்தது. மூன்றாம் சுற்றில் எந்தப் போத்தலும் சீறவில்லை. மனைவி துவாயைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, "இனி நிம்மதியோ?" என்றாள். நாலு மணிக்கு ஏசி வந்தது.

ஒன்றும் வெடிக்கவில்லை. அதை நான் சமையலுக்கு நடுவே அவளுக்கு இரண்டு தடவை நினைவூட்டினேன்.

சனிக்கிழமை எட்டு ஆசிரியைகளும் வந்தார்கள். சாப்பாட்டுக்கு முன் எல்லோர் முன்னிலையிலும் முதல் போத்தலின் கொளுவியைத் திறந்தேன். 'டப்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். நல்லெண்ணெய்ப் போத்தலைத் திறந்தது போல் இருந்தது. குவளையில் ஊற்றினேன். குமிழி ஒன்று வந்தது. அது குழாய்த் தண்ணீரிலும் வரும்.

திருச்சியிலிருந்து வந்த ஆசிரியை ஒருவருக்குத் தொண்டை கட்டி, குரல் கம்மியிருந்தது. அவர்தான் முதலில் குடித்தார்.

"சார், இது என்ன, கஷாயமா?"

வாயுவின் அழுத்தம், வெப்பம், கரைதிறன் என்று முழு விளக்கத்தையும் தொடங்க வாயைத் திறந்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"ஓம். தொண்டைக்கு. இவர்தான் செய்யிறவர்."

"சூப்பரா இருக்கு சார்! ரெண்டு வாரமா கத்திக் கத்தித் தொண்டை புண்ணாப் போச்சு. உள்ள போறப்பவே இதமா இருக்கு."

மற்றவர்களும் கேட்டார்கள். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தொண்டையைத் தடவிக்கொண்டு குடித்தார்கள். விருந்து முடிவதற்குள் போத்தல்கள் காலியாகிவிட்டன.

"திங்கட்கிழமை உங்க மேடத்துகிட்ட கொஞ்சம் குடுத்து விடுவீங்களா சார்?"

"தாராளமா. அடுத்த முறை காஸ் சரியா வரும்..."

"ஐயோ, காஸ் வேணாம் சார்! கிளாஸ்ல ஏப்பம் விட்டா பசங்க ஒரு வருஷத்துக்குச் சிரிப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

அவர்கள் போன பிறகு மனைவி கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நல்லது. ஒண்டும் வெடிக்கேல்லை. கிழமைக்கு ஒருக்கால் ஸ்ராஃப் ரூமுக்குச் செய்து தாங்கோ. உங்களுக்கும் ஒரு வேலை ஆச்சு."

"செய்யிறன்."

"காஸ் வேண்டாமெண்டால் பேந்தென்னத்துக்கு ஈஸ்ட்?"

அதை நான் யோசிக்கவில்லை. அவள் சொன்னது சரி. இஞ்சியை அவித்துச் சீனி போட்டால் போதும். வாளி வேண்டாம், சாட்சி வேண்டாம், கணக்கு வேண்டாம். ஒரு போத்தலும் வெடிக்காமலே எல்லாம் போயின.

"ருசிக்கு," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

"சரி, ஒண்டு. உங்களுக்கு மட்டும். கண்ணாடி இல்லை, பிளாஸ்ரிக்."

"எங்கை வைக்கிறது?"

"வீட்டுக்குள்ளை இல்லை. பல்கனியிலை."

"பல்கனியிலை இப்ப நாப்பது பாகைக்கு மேலை. அங்கை வைச்சால்..."

"அப்ப குளிர் வருமட்டும் பொறுங்கோ."

ஒவ்வொரு ஞாயிறும் ஸ்ராஃப் ரூமுக்கு இஞ்சி அவிக்கிறேன். வரவேற்பு நன்றாக இருக்கிறதாம். சங்கீத ஆசிரியை இரண்டு குவளை கேட்கிறாராம். பல்கனியின் நிழற்பக்கத்தில் ஒரு வெப்பமானி தொங்கவிட்டிருக்கிறேன். இன்று காலை முப்பத்தேழு. இருபத்துநாலுக்கு இறங்கியதும் தொடங்குவேன். போத்தலுக்கு மூன்று கிராம் சீனி. கூட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மூன்றே கால் வேண்டுமானால் பார்க்கலாம்.